யாரும் தூக்க வேண்டாத வண்டி

பெட்ரோல் விலை ஒரே ராத்திரியில் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறிய மறுநாள் காலை, கும்மிடிப்பூண்டியில் கார் வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரே வீடு அசன் முகைதீனுடையதாகத்தான் இருக்கும். இரண்டாயிரத்து எட்டு, ஜூன் மாதம். ஊரே அரசாங்கத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்க, அவருடைய மகன் சஹாபுதீன் மட்டும் கூடத்தில் கார் கம்பெனிகளின் பளபளக்கும் தாள்களைக் கடை பரப்பிவிட்டு, கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சஹாபுதீனுக்கு சிப்காட் வாசலில் ஹார்ட்வேர் கடை. போல்ட்டு, கையுறை, ஹெல்மெட் என்று தொழிற்சாலைகளுக்கு வேண்டியதையெல்லாம் விற்பவன். சரக்கு எடுப்பதில் அவனை யாரும் ஏமாற்ற முடியாது. கார் விஷயத்தில் மட்டும் அவன் புத்தி எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றுகொள்ளும். பின்னால் டிக்கி நீட்டிய பெரிய கார். அதற்குக் குறைந்து எதைக் காட்டினாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

"பெட்ரோல் காருன்னா வாங்கசொல்ல சல்லிசு, ஓட்டசொல்ல பேஜாரு. டீசல் காருன்னா ஓட்டசொல்ல சல்லிசு, வாங்கும்போதே கழுத்த அறுத்துடறான்," என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னான். "லட்ச ரூபாய்க்கு ஒரு காரு வருதுன்றானுங்க. அது வர்றதுக்குள்ள ஷமீமா கல்யாணமே முடிஞ்சிடும்."

ஷமீமா, அசன் முகைதீனின் மூத்த மகன் நூருதீனுடைய ஒரே பெண். நூருதீன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. அவளும் அவள் அம்மா ஹாஜிராவும் அன்றிலிருந்து இந்த வீட்டில்தான். அடுத்த மாதம் பிறக்கிற ரஜப்பில் அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு திருநின்றவூர். பையன் அம்பத்தூரில் வேலை, தினமும் ரயிலில் போய் வருகிறவன். பையனுடைய அப்பாவிடம் டிக்கி நீட்டிய பெரிய கார் ஒன்று இருந்தது. சஹாபுதீனின் கார் ஆசைக்கு விதை எங்கே விழுந்தது என்று தேட வேண்டியதே இல்லை.

வாங்கப்போகிற பணம் என்னவோ அசன் முகைதீனுடையது. பழவேற்காடு கடைத்தெருவில் முப்பது வருஷத்துக்கு மேல் வலையும் கயிறும் விற்ற கடையை விற்றது அவர்தான். ஆனாலும் அந்தக் காலையில் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு நாஷ்டாவை முடித்து, டீயைக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எந்தக் காருன்னாலும் இருக்கட்டும்டா. நான் அதுல எப்படி ஏறுவேன்?"

சஹாபுதீன் தாள்களிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நீங்க இன்னாத்துக்கு வாப்பா அவ்ளோ தூரம் அலையணும்? நான் அவங்க ஜமாத்துல பேசிட்டேன். வாப்பாவால வர முடியாது, அவருக்கு வக்கீலா நான் உக்காந்து பொண்ணக் குடுத்துடறேன்னு சொல்லிட்டேன். நிக்காஹ் நடத்தி வெக்கற ஹஜ்ரத்தும் சரின்னுட்டாரு."

அவர்கள் வழக்கத்தில் பெண்ணை நிக்காஹ் செய்து கொடுக்கும் உரிமை தகப்பனுக்கு. தகப்பன் இல்லையென்றால் தகப்பனைப் பெற்றவருக்கு. அவர்தான் சபையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். வர முடியாதவர் தனக்குப் பதிலாக ஒருவரை நியமிக்கலாம். அவரைத்தான் வக்கீல் என்பார்கள். அதில் தப்பில்லை, மார்க்கத்தில் இடம் இருக்கிறது. ஆனால் நியமிக்க வேண்டியவர் அவர். அவர் வாயைத் திறக்கும் முன்பே அவருக்கு வக்கீல் முளைத்துவிட்டதுதான் விஷயம்.

அசன் முகைதீனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவது பழவேற்காடு முழுக்கத் தெரிந்த சங்கதி. அன்றைக்கு ஏனோ குரல் உயரவில்லை.

"நூருதீன் இருந்திருந்தா அவன் குடுத்திருப்பான். அவன் இல்ல, அதனால நான். இப்ப நானும் இல்லன்னு ஆக்கிட்ட. நான் உசிரோடதானேடா கீறேன்?"

"அப்படி இல்ல வாப்பா. ஊத்துக்கோட்டையில ஆனது மறுபடியும் ஆயிடக்கூடாதுன்னுதான்..."

அந்தப் பேச்சை எடுத்திருக்கக்கூடாது. எடுத்துவிட்டான்.

ஊத்துக்கோட்டையில் ஆனது இதுதான். முந்தைய வருஷம் ஐஸ் ஃபேக்டரி வாசலில் ஈரத்தில் வழுக்கி விழுந்து அசன் முகைதீனுக்கு இடது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது, முழங்கால் மட்டும் மடங்க மறுத்துவிட்டது. உலக்கையைப்போல அப்படியே நிற்கும். ஒரு கையில் கம்பு இருந்தால் தெருக்கோடி வரை தானாக நடப்பார், மாடிப்படிகூட ஒன்றிரண்டு ஏறிவிடுவார். கார் என்றால்தான் தகராறு. குனிய வேண்டும், மடங்க வேண்டும், சுருண்டு உள்ளே போக வேண்டும்.

ஊத்துக்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். போனது சொந்தக்காரரின் கார். மண்டப வாசலில் இறக்க மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் அக்குளைப் பிடித்தான், ஒருவன் இடுப்பைப் பிடித்தான், ஒருவன் நீட்டின காலைப் பிடித்து இழுத்தான். மூன்று பேரும் நல்லவர்கள், மூன்று பேரும் அவசரப்பட்டார்கள். அத்தனை ஜனத்துக்கு நடுவில் கைலி அவிழ்ந்து காலடியில் விழுந்தது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஆண்கள் பார்க்காததுபோல் பார்த்தார்கள். யாரோ ஒருவன் சிரித்தான். கடைத்தெருவில் ஒரு அதட்டல் போட்டால் மீன் ஏலமே நின்றுபோகிற மனுஷன், சாப்பிடாமல் மண்டபத்துக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினார். அதற்கப்புறம் அவர் எந்தக் காரிலும் ஏறவில்லை. உதவி செய்கிறேன் என்று வருகிறவனைக் கண்டாலே உடம்பு எரிந்தது அவருக்கு. எரியாமல் என்ன செய்யும்?

"சரி," என்றார் இப்போது. "காரு வாங்கலாம். நானே ஏறி நானே எறங்கற காரு. ஒருத்தன் கை எம்மேல படக்கூடாது. அந்த மாதிரி வண்டி கெடைச்சா டப்பு தரேன். கெடைக்கலன்னா கடை வித்த காசு பாங்கியிலயே கெடக்கட்டும்."

"வெலை, மைலேஜி எதுவும் பாக்க வேணாமா?"

"அத நீ பாரு. நான் கதவ மட்டும் பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அவரைப் பள்ளிவாசல் கூட்டிப்போவது ஜோசப்பின் ஷேர் ஆட்டோ. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து சிப்காட்டுக்கும் ஆரம்பாக்கத்துக்கும் ஆள் ஏற்றிப் பறக்கிற பெரிய டீசல் ஆட்டோ. கார் பார்க்கப் போவதற்கும் அதையே நாள் வாடகைக்குப் பேசினார்கள். வாடகைக் கார் வேண்டாம் என்று அசன் முகைதீன் கறாராகச் சொல்லிவிட்டதால் சஹாபுதீனுக்கு வேறு வழியில்லை. கார் ஷோரூமுக்கு ஷேர் ஆட்டோவில் போய் இறங்குகிற அவமானத்தைத் தாங்கிக்கொண்டு, ஜோசப்பை ஷோரூமுக்குக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தச் சொன்னான்.

செங்குன்றத்து ஷோரூமில் ஏசி குளிர் எலும்பில் இறங்கியது. சந்திரகலா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண், சஹாபுதீன் ஆசைப்பட்ட நீளக் காரின் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தாள். அசன் முகைதீன் முதுகைக் காட்டி நின்று, கம்பை ஊன்றி, மெல்ல உட்காரப் பார்த்தார். இருக்கை எங்கேயோ பாதாளத்தில் இருந்தது. உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்வதுதான் பொருத்தம். உட்கார்ந்த பிறகும் இடது கால் வாசலுக்கு வெளியிலேயே நின்றது. முன் இருக்கையை நகர்த்திப் பார்த்தார்கள். கால் அப்போதும் வெளியில்தான்.

"பரவால்ல சார், வீட்ல பசங்க ஹெல்ப் பண்ணுவாங்க இல்ல," என்றாள் சந்திரகலா, நல்லெண்ணத்தில்தான்.

"பண்ணுவாங்கம்மா. அதான் பயம்," என்றார் அவர்.

அவளுக்குப் புரியவில்லை. சின்னக் கார் ஒன்றைக் காட்டினாள். அதில் வலது காலுக்கே இடமில்லை. இருபது நிமிஷத்தில் இரண்டு பேர் வந்து அவரைப் பிடிக்க முயன்றார்கள், இரண்டு பேருக்கும் கம்பின் நுனி நெஞ்சுக்கு நேராக நீண்டது. சஹாபுதீன் மைலேஜ் கேட்பதை விட்டுவிட்டு வாசலைப் பார்க்க ஆரம்பித்தான்.

திரும்பும் வழியில் கவரைப்பேட்டையில் ஆதிகேசவனின் பழைய கார் கொட்டகை. ஆதிகேசவன் வாய் ஓயாத ஆள்.

"பாய், உங்களுக்குன்னே ஒரு வேனு கீது பாருங்க. எட்டு பேரு தாராளமா போலாம். கேஸ்லயும் ஓடும், பெட்ரோல்லயும் ஓடும். வெல ஏறட்டும், ஏறாம போட்டும், நமக்கு இன்னா?"

தள்ளுகிற கதவு அகலமாக இருந்தது. அசன் முகைதீனுக்கும் கொஞ்சம் ஆசை வந்தது. வலது காலை உள்ளே வைத்துத் தம் பிடித்து ஏறினார். கூரை தலையில் இடித்தது. குனிந்தால் கால் வராது, கால் வந்தால் குனிய முடியாது. பாதி உள்ளே பாதி வெளியே நின்றவரைப் பார்த்து ஆதிகேசவன் கண்ணைக் காட்ட, பையன்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து தூக்கப் பாய்ந்தார்கள்.

"தொட்டீங்கன்னா மண்ட பொளந்துடும்," என்று அசன் முகைதீன் போட்ட அதட்டலில் கொட்டகைக்கு எதிர்ப்புறம் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழவேற்காட்டுக் கடைத்தெருக் குரல் ஒரு வருஷத்துக்கப்புறம் அன்றுதான் வெளியே வந்தது. அவருக்கே அது நன்றாக இருந்தது.

பழைய ஜீப் ஒன்றையும் பார்த்தார்கள். அதில் ஏற ஏணி வேண்டும். அதோடு போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆட்டோ நெடுஞ்சாலைக்கு வந்தது. லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு முந்தின. சஹாபுதீன் எதிர்ப் பலகையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தான், தலையில் இடி விழுந்தவன்போல.

"இத்தினி வண்டி பாத்தோம். ஒண்ணுலகூட உங்களால ஏற முடியலயே வாப்பா," என்றான். அவன் குரலில் எரிச்சல் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டான்.

அசன் முகைதீன் மகனைப் பார்த்தார். பிறகு, எதிரே தாராளமாக நீண்டிருந்த தன் இடது காலைப் பார்த்தார். கை தானாகப் பிடித்திருந்த கம்பியைப் பார்த்தார். தலைக்கு மேல் ஒரு சாண் விட்டு நின்ற கூரையைப் பார்த்தார். காலையிலிருந்து இதில் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பார்? ஒருத்தரும் வந்து பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை. தாழ்வான தளத்தில் வலது காலை வைப்பார், கம்பியைப் பிடித்து எழும்புவார், இடது காலை இழுத்துக்கொண்டு திரும்பி உட்காருவார். தலையில் போட்ட தொப்பிகூட நகராது.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஏண்டா, இப்ப நான் எதுல உக்காந்துக்கினு கீறேன்?"

சஹாபுதீனுக்குப் புரிய ஒரு மைல் தூரம் ஆனது. புரிந்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. வாரம் தவறாமல் இந்த ஆட்டோவில் ஏறியும் அசன் முகைதீனுக்கும் இது தோன்றியதில்லை என்பதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? ஷேர் ஆட்டோவை வண்டிக் கணக்கிலேயே அந்த வீட்டில் யாரும் சேர்ப்பதில்லை. கார் வாங்கினால்தான் வண்டி வாங்கியதாக ஊர் பேசும். அந்த ஊர்ப் பேச்சை நம்பித்தான் தகப்பனும் மகனும் ஒரு நாள் முழுக்க ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டே வண்டி தேடினார்கள்.

"ஜோசப்பு," என்று முன்னால் குனிந்து கேட்டார். "இது புதுசு இன்னா வெலப்பா?"

அன்று சாயங்காலம் வீட்டில் பிரளயம். சஹாபுதீன் கூடத்தில் நின்றபடியே கத்தினான். கல்யாணத்துக்கு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினால் சம்மந்தி வீட்டில் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? கடைக்கு வருகிற கம்பெனி மேனேஜர்கள் என்ன நினைப்பார்கள்? ஆட்டோக்காரர் வீடு என்று தெருவே சொல்லாதா?

"சொல்லட்டுமே," என்றார் அசன் முகைதீன். "ஜோசப்பு ஊடும் ஆட்டோக்காரன் ஊடுதான். அவன் இன்னா கொறைஞ்சு பூட்டான்? நம்ம ஊட்ல ஆறு பேரு. ஆறு பேரும் ஒண்ணா உக்காந்து போலாம். டீசல். நீ ஆசப்பட்ட காரு ஒரு லிட்டர்ல போற தூரத்தவிட ரெண்டு பங்கு போவும். அந்தக் காரு காசுல பாதிகூட ஆவாது. அன்னிக்குக் கால்குலேட்டரு தட்டினியே, இப்ப தட்டிப் பாரு."

"கணக்குல சரிதான் வாப்பா. மரியாதைன்னு ஒண்ணு கீதில்ல?"

"மரியாதையா? ஊத்துக்கோட்டையில என் கைலி காருக்குக் கீழதான்டா கெடந்தது."

சமையலறை வாசலில் ஹாஜிரா நின்றிருந்தாள். மாமனார் முன்னால் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. கொழுந்தனிடம் எதிர்த்துப் பேசியதே கிடையாது, கணவனை இழந்த பிறகு அந்த வீட்டில் தன் குரலைத் தானே சின்னதாக்கிக்கொண்டவள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"மாமாவுக்குக் கால் மடங்காது. காருக்காக மாமா மடங்கணுமா?" என்றாள். "கல்யாணம் என் பொண்ணுக்கு. அவ வாப்பாவுக்குப் பதிலா மாமா உக்காரணும். நான் அதத்தான் பாக்கணும். எதுல வந்தாருன்னு பாக்கறவங்க பாத்துக்கினு போவட்டும்."

சஹாபுதீன் கடைசி அஸ்திரமாக ஷமீமாவைக் கூப்பிட்டான். கல்யாணப் பெண் ஆட்டோவில் போய் இறங்கச் சம்மதிப்பாளா என்று பார்த்துவிடலாம் என்பது அவன் கணக்கு. அவள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"தாதா எந்த வண்டியில வராரோ நானும் அதுலதான்," என்றாள். "சித்தப்பா, உங்களுக்கு வெக்கமா இருந்தா நீங்க வாடகக் காரு வெச்சிக்கினு முன்னாடி போயிடுங்க. நாங்க மெதுவா வரோம்."

அவன் அப்படியே செய்வதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

அடுத்த வாரங்களில் அசன் முகைதீன் பட்ட பாடு தனிக்கதை. ஆட்டோவைச் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றதும் புரோக்கர் அவரை மேலும் கீழும் பார்த்தான். "பாய், இத ஊட்டுக்கா வாங்கறீங்க?" என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் ஆமாம் என்றார். பதிவு ஆபீசில் அங்கே போ, இங்கே போ என்றார்கள். அவர் எங்கேயும் போகாமல் வாசல் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். போகிற வருகிறவர்கள் எல்லாம் தாண்டித் தாண்டிப் போனார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. தனக்கு வண்டியை ஓட்டச் சொல்லி ஜோசப்பையே மாதச் சம்பளத்துக்குக் கேட்டார். தன் ஆட்டோவை விட முடியாது, கல்யாணத்தன்றைக்கு மட்டும் வருகிறேன், அப்புறம் ஹாஜிராவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்றான் ஜோசப். ஹாஜிரா மறுக்கவில்லை என்பதுதான் தெருவில் அந்த மாதத்துப் பெரிய செய்தி. பெட்ரோல் விலைகூட அதற்குப் பிறகுதான்.

செய்தி திருநின்றவூருக்கும் போனது. சம்மந்தி போன் செய்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? நம்ம காரையே அனுப்பி வைக்கிறேன். தூக்கி உக்கார வைக்கத் தெம்பான ஆளுங்க நாலு பேரும் வருவாங்க."

"வேணாங்க," என்றார் அசன் முகைதீன். "அந்த நாலு பேரையும் பிரியாணி எறக்கச் சொல்லுங்க. எனக்கு அது சூடா இருந்தா போதும்."

நிக்காஹ் நாள் விடிந்தபோது, பச்சையும் மஞ்சளும் பூசிய அந்தப் புது வண்டி வாசலில் நின்றது. ஹாஜிரா முன்பக்கத்தில் மல்லிகைச் சரம் கட்டியிருந்தாள். சஹாபுதீன், சொன்னபடி, வாடகைக் காரில் மனைவி மக்களோடு முன்னால் போய்விட்டான். அசன் முகைதீன் வெள்ளை வேட்டிக்கு மேல் அகலமான பெல்ட் கட்டியிருந்தார், இந்தத் தடவை எதற்கும் இடம் கொடுப்பதாக இல்லை. கம்பியைப் பிடித்தார், எழும்பினார், திரும்பினார், உட்கார்ந்தார். பக்கத்தில் ஷமீமா, எதிரே ஹாஜிரா.

நெடுஞ்சாலையில் லாரிக்காரன் எல்லாம் முந்தினான். டிக்கி நீட்டிய கார்கள் சர்ரென்று போயின. ஒரு காரில் போன பையன்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பட்டுப் புடவையும் நகையுமாக ஆட்டோவில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணைப் பார்த்து ஊளையிட்டார்கள். ஷமீமா முக்காட்டை விலக்கி அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். தலைகள் உள்ளே போயின. அசன் முகைதீனுக்குத் தன் ரத்தம் அதில் ஓடுவது தெரிந்தது. செங்குன்றத்தில் மேற்கே திரும்பிக் குண்டும் குழியுமான சாலையில் ஆடி ஆடி அவர்கள் திருநின்றவூர் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் நிறைந்திருந்தது.

மண்டபத்து வெளிவாசலில் காவல்காரன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"ஆட்டோல்லாம் உள்ள விட மாட்டாங்க. வெளிய எறங்கி நடந்து போங்க."

உள்ளே மண்டபப் படி வரைக்கும் கார்கள் வரிசையாக நின்றிருந்தன. வெளிவாசலுக்கும் படிக்கும் நடுவே ஜல்லி கொட்டின நீளப் பாதை. ஜல்லியில் கம்பு ஊன்றாது என்று அசன் முகைதீனுக்குத் தெரியும். விழுந்தால் மறுபடியும் அதே கதை, அதே ஜனம். ஜோசப் பேச வாயெடுத்தான். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"தம்பி, நான் எறங்கறதா இல்ல. பொண்ணும் எறங்காது. மாப்பிள்ளைய இங்க கூட்டினு வந்து, ரோட்லயே வெச்சு நிக்காஹ் பண்ணிக்கச் சொல்லு. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

காவல்காரன் விழித்தான். கூட்டம் கூடியது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் சிலர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். "உக்கார வெச்சே தூக்கினு போயிடலாம், காலப் புடி, காலப் புடி," என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவன் கை அவர் முழங்காலைத் தொட்டுவிட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சஹாபுதீன் வந்தான். சம்மந்தியோடு உள்ளே நின்று பேசிக்கொண்டிருந்தவன். நன்றாகத்தான் உடுத்தியிருந்தான். வாப்பாவின் முழங்காலில் இருந்த அந்தக் கையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. ஊத்துக்கோட்டையில் வாப்பாவின் இடுப்பைப் பிடித்திருந்தவன் அவன்தான். அவிழ்த்தது தன் கையா இன்னொருத்தன் கையா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. காருக்காகக் கத்தினானே ஒழிய, அந்த நாளை நினைத்து அவனும் தூங்காமல் கிடந்திருக்கிறான்.

"கைய எடுப்பா," என்றான். அந்தக் கை விலகியது. "வாப்பாவ யாரும் தொடாதீங்க. அவரே எறங்குவாரு." பிறகு காவல்காரனிடம் திரும்பினான். "தெற. இது எங்க ஊட்டு வண்டி."

"ஆட்டோவுங்களா?"

"ஆமா. எங்க ஊட்டு ஆட்டோ. தெற."

கதவு திறந்தது. சஹாபுதீன் வண்டிக்கு முன்னால் நடந்தான், கார்களை ஒதுங்கச் சொல்லிக்கொண்டு. படியோரம் போய் வண்டி நின்றது. அசன் முகைதீன் கம்பியைப் பிடித்து, வலது காலை ஊன்றி, இடது காலை இறக்கி, நிமிர்ந்து நின்றார். இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு கைகள் பாதி நீண்டபடி நின்றுவிட்டன. வேட்டி இருந்த இடத்தில் இருந்தது. அவர் சபைக்குள் நடந்தார்.

பெண்ணின் சம்மதம் கேட்க அவரே பெண்கள் பகுதிக்குப் போய், இரண்டு சாட்சிகள் முன்னால் ஷமீமாவைக் கேட்டார். அவள் சரி என்றாள். ஹாஜிரா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். சபையில் எல்லாரும் கம்பளத்தில் உட்கார்ந்திருக்க, அவருக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தது. ஹஜ்ரத், முன்பே பேசி வைத்திருந்தபடி, சஹாபுதீனைப் பார்த்தார்.

"வக்கீல் நீங்கதானே? முன்னால வாங்க."

"இல்ல ஹஜ்ரத்," என்றான் சஹாபுதீன். "நான் தெரியாம சொல்லிட்டேன். பொண்ணக் குடுக்கறவரே வந்துட்டாரு."

ஹஜ்ரத் அசன் முகைதீன் பக்கம் திரும்பினார். உட்கார்ந்தபடியே சொல்லலாம், தப்பில்லை என்றார்.

அவர் உட்காரவில்லை. கம்பை சஹாபுதீன் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை எழுந்து வந்து எதிரே நின்றான். அந்தப் பையனின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆண்கள் பகுதி தாண்டிப் பெண்கள் பகுதி தாண்டி வாசலில் நின்ற ஜோசப்புக்கும் கேட்கும்படி, பழவேற்காட்டுக் கடைத்தெருக் குரலில் சொன்னார்.

"என் மகன் நூருதீனுடைய மகள் ஷமீமாவை, அவனுடைய இடத்தில் நின்று, நான் உனக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."